வரப்பில் கவிழ்த்த பத்துச் செடிகள்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பதினோராந் திகதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், திரியாய் என்னும் ஊரில், கச்சான் என்று அங்கே சொல்லும் நிலக்கடலைத் தோட்டம் ஒன்றில், இரத்தினேஸ்வரி என்னும் பெண் தன் வலக்கையை இழந்தாள். மறுநாள் பத்திரிகையொன்று அதனை “இரு சமூகங்களுக்கிடையே மோதல்” என்று கொட்டை எழுத்தில் வெளியிட்டது. அது பொய். அந்தப் பொய்யை அப்பத்திரிகை இன்றுவரை திருத்தவில்லை. அன்று அடிபட்டு முறிந்தவர் அவளுடைய அண்ணன்; அடித்து முறித்தவன் அவளுடைய புருஷன். ஒரே கோயிலில் ஒரே நாளில் பொங்கல் வைப்பவர்கள். அங்கே நின்ற பிற சமூகத்தவள் ஒரே ஒருத்தி. அவள் அடி வாங்கினாள்; எவரையும் அடிக்கவில்லை.

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே சொல்லவேண்டும்.

இரத்தினேஸ்வரியின் அண்ணன் குலசிங்கம் ஐம்பத்தாறு வயதுக் கமக்காரர். ஊரின் மேற்கு எல்லையில், காடு தொடங்குகிற இடத்தில், அவருக்கு அரை ஏக்கர் மேட்டுக்காணி உண்டு. பரம்பரையாகப் போட்டுவந்த கச்சான் அந்தக் காணியில் அடுத்தடுத்து இரண்டு மாரிப் பருவம் செத்தது. நிலமட்டத்திலே தண்டு அழுகி, வெண்பூஞ்சணம் பஞ்சுபோலப் படர, செடிகள் நின்ற நிலையிலேயே கருகின. பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வந்தது. காய்கள் மண்ணுக்குள் கழன்று மக்கின. வித்துக்கு எடுத்துவைக்க ஒரு பேணிக் கச்சான்கூட மிஞ்சவில்லை. அடுத்த மாரிக்கு ஊரெல்லாம் உழுதபோது அவர் மட்டும் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு இருந்தார்.

அந்த நிலையில்தான் ரபீக்கா அவருடைய படலையைத் தட்டினாள். கிண்ணியாவில் பிறந்தவள், ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவள். புதிய கச்சான் வர்க்கம் ஒன்றைக் கமக்காரரின் காணியிலேயே போட்டு, எவ்வாறு பராமரித்தால் எவ்வளவு விளையும் என்று மூன்று மாரிக்குச் சோதித்துப் பார்ப்பது அவளுடைய வேலை. அழுகலைத் தாங்கும் வர்க்கம் என்று கேட்டதும் குலசிங்கம் மறுபேச்சின்றி அரை ஏக்கரையும் கொடுத்துவிட்டார்.

காணி பாத்திகளாகப் பிரிந்தது. சில பாத்திகளில் செடிகள் நெருங்கி நின்றன. சிலவற்றில் விலகி நின்றன. பூக்கும் பருவத்தில் சில பாத்திகளுக்கு மட்டும், காய் பொக்காகாமல் பருப்பு நிறையவென்று, ஜிப்சம் என்னும் வெள்ளைத்தூள் தூவப்பட்டது. மற்றவற்றுக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். ஊர் இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தது. தங்கையின் புருஷன் முருகேசு, கடலுக்குப் போய் வருகிற வழியில், வரப்பில் நின்று கேட்டான்.

“என்ன மச்சான், கச்சானுக்குப் பவுடர் பூசுறியளாம்? அப்பிடியே பொட்டையும் வைச்சு விடுங்கோவன், மாப்பிளை பாப்பம்.”

“பூசாத பாத்தியில விளையிறது முழுக்க உனக்குத்தான்,” என்றார் குலசிங்கம். “பொக்கைச் சப்பிச் சப்பிப் பல்லு விழுந்தா என்னட்டை வராதை.”

இவ்வளவு பகிடியோடு தொடங்கிய காரியம் அது.

தொல்லை கச்சானின் வயதில் இருந்தது. ஊர்க் கச்சான் தைப்பொங்கல் கழிந்த கையோடு முற்றிவிடும். புதிய வர்க்கமோ அதற்குப் பின்னும் மூன்று வாரம் மண்ணில் இருக்கவேண்டும். முதல் மாரியில் குலசிங்கம் பொறுமையிழந்து ஊரோடு சேர்ந்து பிடுங்கினார். பருப்புச் சுருங்கி, பாதி வித்து முளைக்காமலே போயிற்று. இரண்டாம் மாரியில் பொறுத்திருந்தார். காட்டுப்பன்றி காற்பங்கை உழுது தின்றது. நிறுத்த நிறை ஆய்வுக்கு உதவாமற் போயிற்று. இது மூன்றாம் மாரி.

“இந்த முறை எல்லாப் பாத்தியும் முழுசா முத்தி, முழுசா நிறுக்கோணும் ஐயா,” என்று ரபீக்கா சொல்லியிருந்தாள். “இல்லாட்டி இந்த மாவட்டத்துச் சோதனைய மூடிருவாங்க. வித்தும் வேற இடத்துக்குப் போயிரும்.”

அந்தச் சொல் குலசிங்கத்தின் நெஞ்சில் ஆணிபோல இறங்கியது. முற்றும்வரை தோட்டம் நிற்கவேண்டும். அந்தத் தை மாதத்தில் அவருக்கு வேறு நினைவில்லை.

ஊர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அங்கே கச்சான் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்காரர் முதற் செடிகளைப் பிடுங்கி வரப்பிலே வேர் மேலாகக் கவிழ்த்துவிட்டால், தோட்டம் திறந்தாயிற்று என்று பொருள். அதன்பின் ஆளனுப்பி அழைக்கவேண்டியதில்லை. மறுநாள் விடிந்தும் விடியாத பொழுதில் அந்த வீட்டில் பிறந்த பெண் வந்து இறங்குவாள். முதற் செடிவரிசை, ஊர்ப்பேச்சில் முதல் வரி, அவளுடையது. செடிகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, மண்ணில் கழன்று நிற்கும் காய்களைக் கம்பியால் கிளறித் தன் பையில் போட்டுக்கொள்வாள். அந்தப் பையைக் கேட்பதற்கு அண்ணனுக்கும் உரிமையில்லை, புருஷனுக்கும் உரிமையில்லை. அவளுக்குப் பின்னரே மற்றப் பெண்கள் இறங்குவார்கள். முதல் வரி என்பது எப்போதும் காட்டுப்பக்க வரி. பன்றி வாய் வைக்கும் பக்கத்தை முதலில் எடுத்துவிடவேண்டும் அல்லவா?

எல்லாத் தோட்டமும் வெறும் மணலான பிறகு இரத்தினேஸ்வரி அண்ணனின் முற்றத்தில் வந்து நின்றாள்.

“அண்ணை, ஊரில எல்லாற்ற தோட்டமும் திறந்தாச்சு. எனக்கு முதல் வரி எப்ப?”

“பொறு, முத்தேல்லை.”

“உங்கட கச்சான் என்ன, பத்து மாதம் சுமக்குமோ?”

“முத்தினாப் பிறகு வந்து பார். உன்ர பை கிழியும்.”

“பார்ப்பம், பார்ப்பம். போன முறையும் இப்பிடித்தான் சொன்னியள். பண்டிதானே முதல் வரி பிடுங்கினது.”

அவள் சிரித்துக்கொண்டு போனாள். அவர் சிரிக்கவில்லை.

வேலிக்கம்பி கேட்டு ரபீக்கா மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். சோதனைச் செலவில் வேலிக்கு இடமில்லை என்று பதில் வந்தது. மூன்று வாரம் கூடுதலாக மண்ணில் விடவேண்டும் என்று விதித்தவர்கள், அந்த மூன்று வாரமும் காட்டிலுள்ள அத்தனை பன்றிக்கும் எஞ்சியிருக்கப்போகும் ஒரே தீன் அந்த அரை ஏக்கர்தான் என்பதை ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்கவில்லை.

பன்றிகள் பொழுதுபடும் நேரத்தில் இறங்கின. குலசிங்கம் தகரம் தட்டினார். பழைய வண்டி ரயர் கொளுத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். ஒருநாள் மாலை தனியன் பன்றி ஒன்று எதற்கும் அஞ்சாமல் பாத்தி நடுவே நின்று மண்ணை உழுதது. அவர் அலவாங்கு என்னும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அது திரும்பிப் பாய்ந்தது. அதன் கோரைப்பல் தொடையைக் கிழித்ததை அவர் உணரவேயில்லை. முதலடி முதுகில் விழுந்தது. அடுத்தது காதடியில். அது சரிந்த பின்னும் அடித்தார். கால்கள் உதறி அடங்கிய பின்னும் அடித்தார். மண்டையோடு நொறுங்கி அலவாங்கு மண்ணில் இறங்கும்வரை அடித்தார். கை ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான், வாழ்நாளில் சொல்லியறியாத தூஷணங்கள் தம் வாயிலிருந்து வந்துகொண்டிருப்பதைக் கேட்டார். சுற்றிப் பார்த்தார். பன்றி தின்ற செடிகளைவிட அவருடைய கால்கள் மிதித்துத் துவைத்த செடிகளே அதிகம்.

இரத்தம் காய்ந்திருந்த மண்ணை ரபீக்கா மறுநாள் பார்த்தாள்.

“ஐயா, கால் எப்படி இரிக்கு? டொக்டர்ட்டக் காட்டினீங்களா?”

“அது சின்னக் கீறல், பிள்ளை.”

“பண்டிவெடி கிண்டிவெடி வெச்சிராதீங்க ஐயா, கெஞ்சிக் கேக்கன். பாத்திக்குள்ள நான் நடக்கிற. ஆக்கள் நடக்கிற. கம்பி கேட்டு இன்னொருக்கா கெஞ்சி எழுதிறன்.”

“ஓம் பிள்ளை. வைக்கமாட்டன்.”

சொன்னபோது அவர் மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் அன்று மாலையே ஒரு கூட்டம் இறங்கி, ஜிப்சம் தூவிய பாத்தி ஒன்றின் ஓரத்தை வாரிக்கொண்டு போயிற்று. மறுநாள் அவர் காட்டுக்கு அப்பாலிருந்த ஒருவனிடம் போய்ப் பன்றிவெடி மூன்று வாங்கி வந்தார். பூசணித்துண்டுக்குள் மறைத்துக் கட்டிய வெடி அது. பன்றி கடித்தால் அதன் தாடை பறந்துவிடும். காட்டுப்பக்க வரியின் அடியில், சருகு மூடி, அவற்றை வைத்தார். பொழுதுபட வைப்பார், விடிந்ததும் எடுத்துவிடுவார். தாம் ஒருவரே வைக்கிறபடியால், தாம் ஒருவரே எடுக்கிறபடியால், தமக்குத் தெரியாமல் அந்த வரிக்கு எவரும் போகப்போவதில்லை என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். இரண்டு பன்றிகளின் தாடை பறந்தது. அவை காட்டுக்குள் ஓடிக் கிடந்து அலறிச் செத்ததைக் கேட்டுக்கொண்டே அவர் சோறு தின்றார். வெடித்த இடத்தில் புதுவெடி வாங்கி வைத்தார்.

பெப்ரவரி பத்தாந் திகதி பின்னேரம் ரபீக்கா காய் பார்க்க வந்தாள். வீட்டுப்பக்க ஓரத்திலிருந்து பத்துச் செடிகளைப் பிடுங்கினாள். காயொன்றை உடைத்து, ஓட்டின் உட்புறத்தை வெயிலுக்குப் பிடித்துக் காட்டினாள். உட்புறம் வெள்ளையாயிருந்தால் பிஞ்சு. கபிலமாகிக் கறுத்திருந்தால் முற்றல். உடைத்தவற்றில் முக்காற்பங்கு கறுத்திருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள் அவள். “முத்திட்டுது ஐயா. நாளைக்குக் காலையில தராசோட வாறன். முதல்ல இந்தப் பத்தையும் நிறுப்பம், பிறகு பிடுங்கத் தொடங்குவம். அதுவரைக்கும் வரப்பில வெச்சிருங்க.”

அவளுடைய ஸ்கூட்டி நிலாவெளிப் பக்கமாக மறைந்தது. குலசிங்கம் பத்துச் செடிகளையும் அள்ளி வரப்புக்குக் கொண்டுபோனார். வரப்பின் ஈரம் காயில் ஏறினால் நிறை பிழைத்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. காய் மேலே நிற்கும்படி ஒவ்வொன்றாக, வேர் மேலாக, கவிழ்த்து வைத்தார். நாற்பது வருடமாக அவருடைய கை வேறு எவ்வாறும் வைத்ததில்லை. மனம் நிறைந்திருந்தது. கடைசி முறை என்று சொல்லிக்கொண்டு காட்டுப்பக்க வரிக்குப் போய், வெடி மூன்றையும் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தோட்டத்தோரக் கிணற்றுக்கு வந்த பெண்கள் வரப்பைப் பார்த்தார்கள். செய்தி அடுப்படிக்கு அடுப்படி போய்ச் சேர்ந்தது.

விடிந்தும் விடியாத பொழுதில் குலசிங்கம் வெடி எடுக்கப் புறப்பட்டார். ஒழுங்கைப் பாதை திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது வரப்பு. அதன்மேல் பத்துச் செடிகள், வேர் வானத்தைப் பார்க்க, வெள்ளைக் காய்களோடு வரிசையாக நின்றன. ஊர் எவ்வாறு பார்க்குமோ அவ்வாறு அவர் அவற்றை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

காட்டுப்பக்க வரியில் ஓர் உருவம் குந்தியிருந்தது. பக்கத்தில் உரப்பை. கையில் கம்பி.

“இரத்தினம்! தொடாதை! எழும்பி வெளியால வா!”

அவள் தலையைத் திருப்பினாள். திருப்பின முகம் சிரித்தது. “பிந்திட்டியள் அண்ணை! பாதி வரி முடி—” என்று சொல்லிக்கொண்டே, அதற்குள் ஓங்கியிருந்த கம்பியைச் சருகில் இறக்கினாள்.

சத்தம் பெரியதாக இல்லை. தென்னம்பாளை பிளந்ததுபோல ஒரு வெட்டொலி. அவள் பின்புறமாக விழுந்தாள். அவர் ஓடிப் போய்த் தூக்கியபோது, மணிக்கட்டுக்குக் கீழே கை இருக்கவில்லை. இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. இரத்தம் செடிகளின் மேல் விசிறியடித்தது. கன்னத்தில் பூசணிச்சதை ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த துவாயால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார். கட்டக் கட்ட நனைந்தது. அவள் அலறவில்லை. கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் ஒன்றையே சொன்னாள்.

“என்ர பை. அண்ணை, என்ர பை எங்க? பையை எடுங்கோ.”

சனம் திரண்டது. முருகேசு கடலில் நின்றான். அவனுடைய தம்பி விதுசன் லாண்ட்மாஸ்டர் என்னும் கைஉழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து அண்ணியை அதன் இழுவைப் பெட்டியில் கிடத்தினான். பையையும் யாரோ தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள். குலசிங்கம் ஏறக் காலெடுத்து வைத்தபோது விதுசன் நெஞ்சில் உதைத்து விழுத்தினான்.

“உம்மட தோட்டத்திலதானே கை போனது? இஞ்சயே கிடவும்!”

பெண்கள் அவளை மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஓட்டிப்போன ஒருவனைத் தவிர ஆண்கள் போகவில்லை. எவனையேனும் கிழிக்கவேண்டும் என்ற வெறியோடு தோட்டத்துக்குள் நின்றார்கள். தூஷணமும் தூசுமாய் இருந்தது. வெடி எவ்வாறு வந்தது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். குலசிங்கம் இரத்தம் தோய்ந்த கைகளை முழங்காலில் போட்டுக்கொண்டு வரப்பில் இருந்தார். வாய் திறக்கவில்லை. அவருடைய வாயை இறுக மூடியது அச்சந்தான். வேறு பெயர் சொல்லிப் பயனில்லை.

அந்த நேரம் பார்த்து ரபீக்கா வந்து இறங்கினாள், தராசோடு.

“நேற்றுப் பிடுங்கினவ இவதான்!” என்று ஒரு குரல் கேட்டது.

“பிடுங்கித் தோட்டத்தைத் திறந்துபோட்டு, உள்ளுக்க வெடியும் வைச்சிட்டுப் போயிருக்கிறாள்!”

“கிண்ணியாவில இருந்து வந்து எங்கட பொம்பிளையளுக்கு வெடி வைக்கிறியோடி?”

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி முடிப்பதற்குள் விதுசன் அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்தான். அவள் முழங்காலில் விழுந்தாள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் முதுகில் மிதித்தான். தராசு வரப்பில் மோதி இரண்டாய்ப் பிளந்தது. ஸ்கூட்டியைச் சரித்து, அதன் பெற்றோலையே அதன்மேல் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்தான். ரபீக்காவின் உதடு கிழிந்து இரத்தம் வடிந்தது. தரையில் கிடந்தபடி அவள் குலசிங்கத்தைப் பார்த்தாள். காட்டுப்பக்க வரியில் சிதறிக் கிடந்த பூசணித்துண்டுகளை அவள் முன்னமே கண்டுவிட்டாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஐயா,” என்றாள். அவ்வளவுதான்.

குலசிங்கம் எழுந்தார். “அவளை விடுங்கோடா,” என்றார். எவனுக்கும் கேட்கவில்லை. வரப்போரம் கிடந்த அலவாங்கை எடுத்து, எரிகிற ஸ்கூட்டியின்மேல் பலங்கொண்ட மட்டும் ஓங்கி அடித்தார். தகடு அலறியது. தீப்பொறி சனத்தின்மேல் பறந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

“வெடி வைச்சது நானடா! பண்டிக்கு வைச்சனான். அந்தப் பிள்ளை வைக்கவேண்டாம் எண்டு கெஞ்சினவ. செடியை வேர் மேலாக் கவிட்டதும் நான்தான். என்ர கையாலதான் கவிட்டனான். என்ர தங்கச்சியைக் கூப்பிட்டதும் நான், அவளின்ர கையைப் பறிச்சதும் நான். அடிக்கிறதெண்டா என்னை அடியுங்கோ!”

ரபீக்காவை மிதித்தவன் காலைப் பின்னிழுத்தான். படமெடுத்தவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான். இனி நடக்கப்போவது அவனுடைய சொந்தக்காரருக்குள் அல்லவா?

அப்போது முருகேசு வந்தான். கடற்கரையில் செய்தி கேட்டு, ஈரச் சாரத்தோடு ஓடி வந்தவன் குலசிங்கத்தின் கடைசிச் சொற்களைக் கேட்டுவிட்டான். மண்வெட்டி ஒன்றை எடுத்தான்.

“மச்சான்,” என்றான். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. “முதல் வரி தாறன் எண்டு சொல்லித்தானே கூப்பிட்டனீங்கள்?”

முதலடியைக் குலசிங்கம் கையால் தடுக்கவில்லை. தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் இடக்கை எலும்பு முறிந்து வெளியே வந்தது. மூன்றாவதில் அவர் விழுந்தார். முருகேசு பிடியைத் திருப்பிப் பிடித்து, மண்வெட்டித் தகடு அவருடைய கழுத்துக்கு நேரே வரும்படி ஓங்கினான். ரபீக்கா தவழ்ந்து வந்து அவனுடைய காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உதறினான், விடவில்லை. மீண்டும் உதறினான், அவளுடைய நெற்றி வரப்பில் மோதியது, அப்போதும் விடவில்லை. மண்வெட்டி அவர் காதுக்கு அருகே மண்ணில் இறங்கியது. முருகேசு அதை அப்படியே விட்டுவிட்டு, குந்தியிருந்து, பிள்ளையைப்போல விம்மி அழுதான்.

அவன் விட்ட வெறியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்த இரண்டு வெடிகளையும் நீண்ட தடியால் தட்டி வெடிக்க வைத்துவிட்டு, தோட்டத்தைப் பிய்த்தார்கள். பாத்திக்குறித் தடிகள் பறந்தன. நெருக்கி நட்டதும் விலக்கி நட்டதும், தூள் தூவியதும் தூவாததும், எல்லாம் ஒரே குவியலாயின. ஒருவன் செடியொன்றைப் பிடுங்கித் தூக்கியவன், வேரைப் பார்த்து ஒரு கணம் திகைத்து நின்றான்.

“அம்மாளாச்சி! எவ்வளவு காய்!”

“பாத்தது போதும், நெருப்பில போடு!”

அவன் போட்டான். போடுமுன் ஒரு பிடியை மடியில் செருகிக்கொள்ள மறக்கவில்லை, தின்பதற்கு. நண்பகலுக்குள் அரை ஏக்கரும் கருகிக் கிடந்தது. வறுத்த கச்சான் வாசம் ஊர் முழுவதும் அடித்தது.

குலசிங்கம் குற்றத்தைப் பொலிசாரிடம் ஒப்புக்கொண்டார், விளக்கமறியற் சிறையில் இருந்தார், பிணையில் வந்தார். ஊருக்கு முன்னால் அவர் சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். ஆயினும் பத்திரிகைக்குக் கிடைத்தது கைப்பேசிப் படம் மட்டுமே. அது முக்காடு இழுபட்டதில் தொடங்கி, ஸ்கூட்டி எரிந்ததோடு முடிந்தது. ஊருக்குள் வந்து ஒருவரை ஒரு கேள்வி கேட்க அப்பத்திரிகை மெனக்கெடவில்லை. ‘சமூகப் பதற்றம் நிலவுகிறபடியால்’ ரபீக்கா திரியாய்க்குப் போகக்கூடாது என்று மேலிடம் கட்டளையிட்டது. சோதனை மூடப்பட்டது. அந்த மாவட்டத்தில் அந்த வர்க்கத்தின் வித்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினார்கள்.

ஒன்று இருந்தது. அது இரத்தினேஸ்வரியின் பை.

வெடிப்பதற்கு முன் பாதி வரி கிளறிச் சேர்த்த கச்சான், இரத்தக்கறை படிந்த உரப்பையில், அவளுடைய குசினியில், அடுப்படி மூலையில், கட்டித் தொங்கியது. கேள்விப்பட்ட குலசிங்கம், மாவுக்கட்டுப் போட்ட கையோடு, தங்கையின் படலையில் போய் நின்றார். முருகேசு மீன்வெட்டும் கத்தியோடு வெளியே வந்தான்.

“படலையைத் தாண்டினா மற்றக் கையும் போகும், மச்சான்.”

“நான் அவளைப் பாக்கத்தான் வந்தனான்.”

“பையைப் பாக்க வந்தனீங்கள்,” என்றாள் இரத்தினேஸ்வரி வாசற்படியில் வந்து. வலது சட்டைக்கையை முடிந்திருந்தாள். “முகத்தில எழுதி ஒட்டியிருக்கு. தரமாட்டன் அண்ணை. முதல் வரி என்ர.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாற மாரிக்கு நானே போடுவன்,” என்றாள் அவள். “ஒரு கையால குத்தி ஊண்ட ஏலும். ஆனா எவ்வளவு விலத்தி ஊண்டுறது, அந்தத் தூளை எப்ப போடுறது, காயை உடைச்சு என்னத்தைப் பாக்கிறது… உங்களுக்கும் அரைகுறை, எனக்கு அதுவுமில்லை. இந்த ஒரு பையும் பிழைச்சா முடிஞ்சுது. அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“அவவை விடமாட்டினம், இரத்தினம். போன் எடுத்தனான். தமிழருக்கும் முஸ்லிமுக்கும் சண்டை எண்டு பேப்பரில வந்திட்டுதாம். வேலையே போயிடுமாம்.”

“ஆருக்கும் ஆருக்கும் சண்டை?” என்றாள் அவள். முடிந்த சட்டைக்கையை உயர்த்திக் காட்டினாள். “இதை வெட்டினது எந்த முஸ்லிம்?”

முருகேசு கத்தியைக் கூரையில் செருகினான். அண்ணனையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை.

“ஊருக்கு நான் சொல்லுறன்,” என்றான். “விதுசனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையின்ர தாய் தேப்பனிட்ட மன்னிப்பும் கேக்கிறன். வெளியால உள்ள சனத்துக்கு ஆர் சொல்லுறது?”

அந்தக் கேள்வி குலசிங்கத்திடம் கேட்கப்பட்டதன்று. அது உங்களிடம் கேட்கப்பட்டது. வெளியாரான சனம் நீங்கள்தான். அந்தத் தலைப்பை வாசித்து உச்சுக்கொட்டியவர் நீங்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பியவர் நீங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பை இன்னும் குசினியில் தொங்குகிறது. எவரெவருக்கு அந்தப் பொய்யை அனுப்பினீர்களோ, அவரவருக்கு இன்றைக்கே எழுதுங்கள்: வெடி வைத்தவர் அண்ணன், கை இழந்தவள் தங்கை, அடி வாங்கி, அண்ணனின் கழுத்தைக் காத்தவள் ரபீக்கா. அவளைத் திரியாய்க்குப் போகவிடும்படி மேலிடத்தைக் கேளுங்கள். மழை இறங்குமுன் கேளுங்கள்.